சோம்பேறிப் பாத்தி

அயர்லாந்தின் ஏழைக் குடியானவர்கள் உருளைக்கிழங்கு போட்ட மேட்டுப்பாத்திக்கு ஆங்கிலத்தில் 'லேஸி பெட்' என்று பெயர். சோம்பேறிப் பாத்தி! ஒரு சனத்தையே ஒரு பெயரில் ஏசிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்க. மேற்குக் கரையோரம் சதுப்பும் கல்லும் சரிவும், ஓயாத மழை. ஏர் பூட்ட வழியில்லை. கடற்பாசியைக் கரையிலிருந்து கூடையில் சுமந்து வரணும். அதைப் புல்தரையில் பரப்பி, விதைக்கிழங்கை வைத்து, இருபுறமும் புல்லோடு மண்ணை வெட்டி அதன்மேல் கவிழ்க்கணும். வெட்டிய பள்ளம் நீரை வடிக்கும். மேடு கிழங்கை அழுகாமல் காக்கும். எல்லாம் கையால். இதுவா சோம்பேறித்தனம்?

"ஒரே பயிரை நம்பினாங்க, அழிஞ்சாங்க" என்று இன்றும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. 'லம்பர்' என்ற ரகமே எங்கும் பரவியிருந்தது. கிழங்கை நட்டே கிழங்கு எடுப்பதால் எல்லாச் செடியும் ஒரே அச்சு. 1845இல் வந்த கருகல் நோயை அதனால் தாங்க முடியவில்லை.

ஆனால் மீதிப் பாதியை யார் சொல்வது? ஓட்ஸும் கோதுமையும் அதே மண்ணில் விளைந்தனவே! அவற்றை விற்றுத்தான் நிலக்கிழாருக்குக் குத்தகை கட்டினார்கள். மிச்சமிருந்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப உருளைக்கிழங்கை விட்டால் வேறு பயிரில்லை. அது அறியாமையல்ல, கணக்கு. அந்தக் கணக்கைப் போட வைத்தது குத்தகை.

பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறியது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்றது 1847ஆம் வருடச் சட்டம். கஞ்சி வேணுமா, நிலத்தை விடு! சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கடல் கடந்தார்கள்.

லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை நிர்வகித்த சார்லஸ் ட்ரெவெல்யன், இந்த அழிவில் கடவுளின் கருணையைக் கண்டு புத்தகமே எழுதினார். 1859இல் அவர்தான் நம் மதராஸுக்குக் கவர்னராக வந்தார். பட்டினி கிடப்பவனைச் சோம்பேறி என்று சொல்லும் நாக்கு நமக்கு அந்நியமானதல்ல. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதைக் கேளுங்க, புரியும்.

அயர்லாந்தின் மேற்குச் சரிவுகளில் அந்தப் பாத்திகளின் வரிகள் இன்றும் புல்லுக்கடியில் தெரிகின்றன. அவற்றை வெட்டியவர்களைச் சோம்பேறி என்றவர்கள் யாரும் மண்வெட்டி பிடித்தவர்கள் இல்லை.