காருக்கு எந்த இன்ஜின்? ஒரு பழைய வாத்தியாரின் கணக்கு



"சார், வாசல்ல வெள்ளைக் காரைக் காணோமே, வித்துட்டீங்களா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. இன்ஜின் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 2004-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஆர்.சி. 2028 வரை செல்லும். போன மாதம் திண்டிவனத்தில் மைத்துனர் வீட்டிலிருந்து மதுராந்தகம் திரும்பும்போது டெம்பரேச்சர் முள் ஏறியது. "முள்ளு மேல போகுதுங்க, நிறுத்துங்க" என்று வீட்டம்மா சொன்னார். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றேன் நான். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் முடிந்தது. ரேடியேட்டரில் வருஷக்கணக்காகக் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். குற்றம் முழுக்க என்னுடையது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஹெட் வளைந்திருந்தது. மூன்று சிலிண்டரில் இரண்டில் கீறல். "சார், ஒண்ணு போர் போடணும், இல்ல வேற இன்ஜின் மாத்தணும்" என்றார்.

அன்று இரவே யோசனைகள் வந்து குவிந்தன.

மகன் சொன்னது: "அப்பா, அதை எடைக்குப் போடுங்க." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் தூரம் போக நானே இதை எடுப்பதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி, கோயில், கடைவீதி என்று வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவனுக்கு ஓய்வூதியத்தில் புதுக்கார் கடன் எதற்கு? அடித்தளம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மகன் பேச்சைக் கேட்டிருப்பேன். பாடி நன்றாகவே இருக்கிறது.

அண்ணன் மகன் சொன்னது: "சித்தப்பா, ஜென் இன்ஜின் போடுங்க, பறக்கும்." பறக்கும்தான். ஜென் 993 சிசி, நாலு சிலிண்டர். என் வண்டி 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். எடை சுமார் 650 கிலோ, 12 அங்குலச் சக்கரம். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த 37 குதிரைக்காகச் செய்தவை. குதிரையைக் கூட்டிவிட்டுக் கடிவாளத்தைப் பழையபடி விட்டால் என்ன ஆகும்? சட்டமும் இடம் தராது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

"796 என்றால் எல்லாம் ஒன்றுதானே, ஆல்டோ இன்ஜின் போடலாமே?" என்று இன்னொருவர் கேட்டார். சிசி ஒன்றாக இருந்தால் இன்ஜின் ஒன்றாகிவிடாது. ஆல்டோவில் 12 வால்வு, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன். அதைப் போட்டால் கம்ப்யூட்டர், வயரிங், பெட்ரோல் பம்ப் என்று எல்லாம் மாற்ற வேண்டும். ஆம்னி இன்ஜின் நம்முடையதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் ஆம்னியில் அது நெடுக்காக இருந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது, 800-ல் குறுக்காக இருந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆக, அதே மாடல் இன்ஜின்தான் சரி என்று தெளிந்தது.

இனிதான் முக்கியமான விஷயம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் சென்னையில் பழைய பாகங்கள் வாங்கி விற்கிறான். "சார், நீங்க புறப்பட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். எழும்பூரில் வந்து அழைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனான். ஒரு கடையில் அதே 800 இன்ஜின். பேட்டரி கொடுத்து ஓட்டியும் காட்டினார்கள். விலை 12,000. சந்தோஷத்தில் 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். நம்பர் இல்லை. கிரைண்டர் ஓட்டிய தடம்தான் இருந்தது.

"பில் உண்டா? எந்த வண்டியிலிருந்து எடுத்தது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "உங்க பழைய நம்பரையே அதுல பன்ச் பண்ணிக் குடுத்துடறோம் சார். ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே! அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வெளியே வந்துவிட்டேன். கூட வந்த பையன் மெதுவாகச் சொன்னான்: "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க."

அந்த வார்த்தைதான் 2,000 ரூபாயைவிட எனக்கு வலித்தது. நம்பரை அழித்த இன்ஜின் என்றால் யாரோ ஒருவர் வாசலில் நின்ற வண்டி காணாமல் போயிருக்கலாம். அவரும் என்னைப் போலச் சீட்டுப் போட்டு வாங்கியவராக இருக்கலாம். அந்தத் திருட்டுக்கு நான் ஏன் வாடிக்கையாளர் ஆக வேண்டும்? நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் நம்பரைப் பார்ப்பார். போலீஸும் பார்க்கும். அப்போது கடைக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார். ஆர்.சி.யில் இருப்பது என் பெயர்.

அதே தெருவில் இன்னொரு கடையில், உடைத்த வண்டியின் ஆர்.சி. நகலைக் காட்டி, பில்லோடு 22,000 சொன்னார்கள். ஆகவே ஊரைக் குறை சொல்லாதீர்கள். நேர்மையான கடையும் அங்கேயே இருக்கிறது.

கடைசியில் நான் செய்தது என்ன? என் பழைய பிளாக்கையே செங்கல்பட்டு லேத்தில் கொடுத்துப் போர் போட்டேன். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், புது ரிங், ஹெட்டை மட்டம் பிடித்தது, கூலியோடு சேர்த்து 28,000. "பில் இன்ஜினைவிட 6,000 கூடுதலா?" என்று மகன் கேட்டான். ஆமாம். ஆனால் இது எப்படி ஓடியது, எதனால் கெட்டது என்று எனக்குத் தெரியும். நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, அதனால் நம்பரும் மாறவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைச்சலும் இல்லை.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. சிலிண்டர் விட்டம் 6.85 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 7.2 செ.மீ. வட்டத்தின் பரப்பை 7.2-ஆல் பெருக்கி, மூன்றால் பெருக்குங்கள். 796 வரும். இப்போது விட்டம் 6.9. எவ்வளவு வருகிறது என்று கமென்ட்டில் போடுங்கள், வழிமுறையோடு!

என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் உங்கள் பிளாக்கையே காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். பிளாக் வெடித்திருந்தால், அல்லது முன்பே எல்லை வரை போர் போட்டிருந்தால், அதே மாடல் இன்ஜினைப் பில்லோடு வாங்குங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பெரிய இன்ஜின் வேண்டாம். நம்பர் இல்லாத இன்ஜினைத் தொடவே வேண்டாம். போர் போட்ட வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் 60-க்கு மேல் விரட்டாதீர்கள், கூலன்ட் ஊற்றுங்கள். முள் ஏறினால் உடனே நிறுத்துங்கள். வீட்டம்மா சொன்னால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

அந்தப் பையனும் இதைப் படிப்பான். தம்பி, உன்மேல் கோபம் இல்லை. வாத்தியாருக்குக் குறைந்த செலவில் முடித்துத் தர வேண்டும் என்றுதான் நினைத்தாய். ஆனால் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் போட்டதுண்டா? பில்லும் ஆர்.சி. நகலும்தான் அந்த வழிமுறை. உன் கடையில் இனி அது இல்லாத சரக்கு இருக்கக்கூடாது. அடுத்த வாரம் வீட்டுக்கு வா. புது இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்