பழைய லென்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் பழகி, போட்டோக்களைத் திருத்தக் கற்றுக்கொண்டதும் அடுத்து வரும் ஆசை ஒரு நல்ல கேமரா. "புல் பிரேம் கேமரா வாங்கப் போகிறேன். பீரோவில் கிடக்கும் பழைய லென்ஸை அதில் மாட்டலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக மாட்டலாம். ஆனால் முதலில் லென்ஸைப் பாருங்கள், பிறகு கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

காயல்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்தார். அவருடைய வாப்பா ஹாங்காங்கில் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கி வந்த மினோல்டா 50 எம்.எம். லென்ஸ் வீட்டில் இருந்தது. சேமிப்பையெல்லாம் போட்டு நிக்கான் புல் பிரேம் எஸ்.எல்.ஆர். ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். விற்றவர், "அடாப்டர் போட்டால் எல்லா லென்ஸும் சேரும்" என்று சொல்லியிருக்கிறார். அதுவும் சேர்ந்தது. மறுநாள் கடற்கரையிலிருந்து போன்: "காக்கா, மோதிரம் தெளிவா விழுது. கடல் மட்டும் புகை மாதிரி இருக்கு. கேமரா கெட்டுப்போச்சா?"

கேமரா நன்றாகத்தான் இருந்தது. தூரக் கணக்குதான் தப்பு. ஒவ்வொரு லென்ஸும் சென்சாரிலிருந்து (அந்தக் காலத்தில் பிலிமிலிருந்து) குறிப்பிட்ட தூரத்தில் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கும். மினோல்டாவுக்கு அந்தத் தூரம் 43.5 மில்லிமீட்டர். நிக்கான் எஸ்.எல்.ஆருக்கு 46.5. எனவே அடாப்டரின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே லென்ஸ் 3 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிறது. 3 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 50 எம்.எம். லென்ஸில் அதற்கு அர்த்தம், சுமார் ஒரு மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது என்பதுதான். இதைச் சரிசெய்யக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. ஆனால் நல்ல லென்ஸின் பின்னால் மலிவான கண்ணாடியை வைத்தால் படத்தின் தெளிவு போய்விடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மிர்ரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் தேவையில்லை என்பதால் தூரம் குறைவு. சோனி இ மவுன்டில் 18 மில்லிமீட்டர், நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்.எப்.பில் 20. மினோல்டாவை சோனியில் மாட்ட 25.5 மில்லிமீட்டர் நீளமுள்ள வெறும் குழாய் போதும். 2013-ல் சோனி ஏ7 வந்தபோது பழைய லென்ஸ்களுக்கு மறுபிறவி கிடைத்தது இதனால்தான். நிக்கான், கேனான் புல் பிரேம் மிர்ரர்லெஸ் 2018-ல் வந்தன.

சிறிய சென்சார் கேமரா போதாதா? செலவைப் பார்த்தால் போதும். ஆனால் அதில் 50 எம்.எம். லென்ஸ் 75 எம்.எம். போல நெருக்கிக் காட்டும். காயல் முடுக்குகளில் ஆளை முழுதாக எடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும்! புல் பிரேமில் 50 என்பது 50-தான். ஓடுகிற பிள்ளைகளை எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் இந்த வம்பே வேண்டாம், ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்குங்கள்.

நம் வீடுகளில் அதிகம் இருந்த யாஷிகா எம்.எப்.-2 போன்ற கேமராக்களில் லென்ஸ் தனியாகக் கழலாது. அதைத் திருகிப் பார்க்க வேண்டாம். கழலும் லென்ஸ் என்றால் அபெர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சாதா அடாப்டரில் அபெர்ச்சரை மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள். பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். விலைக்கு வாங்குவதானால் 50 எம்.எம். ஒன்று போதும். பழைய ஜூம்கள் பெரும்பாலும் காசுக்குப் பிடித்த கேடு.

மாட்டியதும் ஷட்டர் அடிக்கவில்லை என்று பயப்படாதீர்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டரை இயக்க அனுமதிக்கும் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கேமராவிலேயே இருந்தால், அங்கே 50 என்று நீங்களே பதிய வேண்டும். ஃபோகஸ் செய்ய, வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி 100 சதவீத அளவில் பார்த்தால்தான் உண்மை தெரியும். பைலின் விவரப் பகுதியில் லென்ஸின் பெயரோ அபெர்ச்சரோ பதிவாகியிருக்காது. எனவே லென்ஸுக்கு ஒரு போல்டர் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அபெர்ச்சரில் எடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அந்தத் தம்பி எஸ்.எல்.ஆரை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, பழைய ஏ7 ஒன்றைத் தேடிப் பிடித்தார். போன வாரம் அனுப்பிய படத்தில் கடல் இருந்தது. அடிவானம் கொஞ்சம் சரிந்திருந்தது, அது லென்ஸின் குற்றம் இல்லை.