ஆசிரியப் பெருமக்களுக்கு எங்கள் வேண்டுகோள்

தோளில் சீலை அணியும் உரிமைக்காக நம் குமரி மண்ணின் அன்னையர் போராடினர். 1859இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆணையைப் பெற்றனர். இன்று எங்கள் அனைவருக்கும் ஒரே சீருடை. ஆயினும் சாதி வகுப்பறையை விட்டு அகலவில்லை. கைக்கயிற்றின் நிறத்தில் இருக்கிறது, “எந்தத் தெரு?” என்ற கேள்வியில் இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கையில், எழுந்து நிற்பவள் கூனிக் குறுகுகிறாள். ஆசிரியர் அதை அறிவதில்லை.

2023இல் நாங்குநேரியில் மாணவன் ஒருவனைச் சக மாணவரே வெட்டினர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, உதவித்தொகை பெறுவோரைத் தனியே அழைத்துப் பேசுமாறு 2024இல் பரிந்துரைத்தது.

ஆசிரியப் பெருமக்களே, சாதிக் கேலி காதில் விழுந்தால் கேளாதவர்போல் செல்லாதீர்கள், அங்கேயே கண்டியுங்கள். உங்கள் மௌனத்தையும் நாங்கள் பாடமாகவே கற்றுக்கொள்கிறோம்.