எண்ணிக்கைக்குக் கருத்துரை தருவது யார்?

நம் அட்வகேட் ஜெனரலை அரசமைப்பின் 165ஆம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். அமெரிக்காவின் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தல் மயிரிழையில் முடிந்தால் என்னென்ன சட்டச் சிக்கல் எழும் என்பதற்கு, வர்ஜீனியாவில் 2013இல் நடந்ததை வழக்கறிஞர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

போட்டியிட்ட மார்க் ஹெரிங், மார்க் ஓபன்ஷைன் இருவரும் மாநில செனட்டர்கள். பதிவானவை 22 லட்சம் வாக்குகளுக்கு மேல்; ஹெரிங் 165 வாக்குகள் முன்னிலை என்று நவம்பர் 25 அன்று தேர்தல் வாரியம் சான்றளித்தது. அதற்கு முன்பே ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் சர்ச்சை வெடித்திருந்தது. தகுதியில் ஐயம் எழுந்து தனியே எடுத்துவைக்கப்பட்ட வாக்குகளை விசாரிக்கும்போது, வாக்காளர் வராவிட்டாலும் அவருக்காகக் கட்சிப் பிரதிநிதியோ வழக்கறிஞரோ பேச அங்கே அனுமதித்து வந்தார்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு, வாக்காளர் நேரில் வந்தால்தான் பேசலாம் என்று மாநில வாரியம் அறிவுறுத்தியது. அதற்குச் சட்டக் கருத்துரை தந்தது அட்டர்னி ஜெனரல் அலுவலகம். அப்போது அப்பதவியில் இருந்தவர் கென் குச்சினெல்லி. ஓபன்ஷைனின் குடியரசுக் கட்சி சார்பில் அதே தேர்தலில் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றவர்.

அந்தக் கருத்துரை சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும், எதிர்த் தரப்பு அதை எப்படி நம்பும்?

பிறகு நடந்த மறு எண்ணிக்கையை மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் மேற்பார்வையிட்டது. 2005இல் மெக்டானல், டீட்ஸ் இடையே இதே பதவிக்கு நடந்த மறு எண்ணிக்கையில், பெரும்பாலான இடங்களில் இயந்திரம் அச்சிட்ட தாள்களை மட்டுமே சரிபார்த்தார்கள். 323 வாக்கு வித்தியாசம் 360 ஆனது, அவ்வளவுதான். 2013இல் காகித வாக்குச்சீட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்து, இயந்திரம் படிக்கத் தவறியவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். 165 வாக்கு வித்தியாசம் 907 ஆயிற்று. டிசம்பர் 18 அன்று ஓபன்ஷைன் தோல்வியை ஒப்புக்கொண்டார். காகிதமே இல்லாத தொடுதிரை இயந்திரங்களில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. 2017இல்தான் வர்ஜீனியா அவற்றை முழுமையாகக் கைவிட்டது.

மறு எண்ணிக்கையில் நீதிபதிகள் இருந்தார்கள், சரி. எந்த வாக்கு எண்ணிக்கைக்குள் வரும் என்பது முடிவாகும் முதல் சில வாரங்களில்தான் ஓட்டை. நலன் முரண் இருந்தால் நாம் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அட்டர்னி ஜெனரல் பதவிக்கான தேர்தலிலும், பதவியில் இருப்பவர் வேறொரு பதவிக்குப் போட்டியிடும் தேர்தலிலும், வாரியத்துக்கு வெளியிலிருந்து வழக்கறிஞர் அமர்த்துவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அவர் யார் என்பதும் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.