முன்னால் பழம், பின்னால் சர்க்கரை!

டப்பா மேலே சிவந்த ஆப்பிள். பக்கத்தில் நாலைந்து கறுப்புப் பழங்கள். படத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கே வாங்கிப் போகலாம் போலத் தோன்றும். உள்ளே இருப்பது என்ன?

பிரிட்டனில் இதற்கு 'ஃப்ரூட் கிரம்பிள்' என்று பேர். ஆப்பிள், பிளம் போன்ற பழங்களை நறுக்கிச் சர்க்கரை போட்டு அடியில் பரப்புவார்கள். மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் விரலாலேயே உதிர் உதிராகப் பிசறி, மேலே தூவி, அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். வீட்டுப் பலகாரம்தான். ஆனால் அதையே டப்பாவில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டிலும் விற்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு ஓடுகிறவர்கள் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

பழம்தானே, என்ன கெட்டுப் போகிறது என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம். 100 கிராம் ஆப்பிளில் சுமார் 52 கலோரி. அதே ஆப்பிள் கிரம்பிளாக வேஷம் மாற்றிக்கொண்டதும் 100 கிராமுக்கு 200 கலோரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலை! போதாக்குறைக்கு அதன் தலையில் சுடச்சுட கஸ்டர்ட் வேறு ஊற்றிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அது டப்பாக் கணக்கில் வராது.

டப்பாவில் டிராபிக் விளக்கு

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அந்த ஊர்க்காரர் கொடுத்துவைத்தவர். சர்க்கரை, கொழுப்பு, உப்பு எவ்வளவு என்பதை டப்பாவின் முன்பக்கத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் காட்டும் ஏற்பாட்டை அந்நாட்டு அரசு 2013-ல் ஒழுங்குபடுத்தியது. கட்டாயம் கிடையாது. ஆனாலும் பெரிய கடைகள் போடுகின்றன.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு. சரி, கம்பெனி கெட்டிக்காரத்தனமாக 20 கிராமோடு நிறுத்திக்கொண்டால்? மஞ்சளோடு தப்பித்துவிடலாமே! விடமாட்டார்கள். ஒரு ஆள் ஒரு தடவை சாப்பிடும் அளவு 100 கிராமுக்கு மேல் என்றால், அந்த அளவில் 27 கிராம் சர்க்கரையைத் தாண்டினாலும் சிவப்புதான். 150 கிராம் கிரம்பிள் சாப்பிட்டால் 30 கிராம் சர்க்கரை. மாட்டிக்கொண்டது! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு என்றால் என்னவென்று தெரியும்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கிரம்பிளைத் தேடிப் போகிறவர்கள் ரொம்பக் கம்மி. ஆனால் பழப் படம் போட்ட கேக், கிரீம் பிஸ்கட், ஜாம், ஜூஸ் இல்லாத மளிகைக்கடை உண்டா? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கை நீட்டுவது அதைத்தான்.

நமக்கும் விதி இல்லாமல் இல்லை. 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த லேபிள் விதிகள் இருக்கின்றன. எந்தப் பொருள் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரவேண்டும். பழத்தைப் படத்தில் பெரிதாகக் காட்டினால் உள்ளே பழம் எத்தனை சதவீதம் என்று சொல்லவேண்டும். சொல்கிறார்கள். எங்கே? பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய எழுத்தில்!

அதிலும் ஒரு கண்கட்டு. ஒரு பாக்கெட் 160 கிராம். 'ஒரு பரிமாறல் 40 கிராம்' என்று போட்டு அதற்கு மட்டும் சதவீதக் கணக்கு காட்டினால், பார்க்கச் சின்னதாகத் தெரியும். பிரித்த பாக்கெட்டில் கால்வாசியைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்றால் முழுப் பாக்கெட்டில் 48 கிராம். ஏறத்தாழ 10 டீஸ்பூன்! சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன யோசனை. 'லிக்விட் குளுக்கோஸ்', 'இன்வர்ட் சிரப்', 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று கள்ளப் பெயரில் வருவதும் சர்க்கரைதான்.

கடைக்காரரைக் கேட்டு என்ன புண்ணியம்? அவருக்கு விலை தெரியும், தேதி தெரியும். பாக்கெட்டை அவரா அச்சடித்தார்?

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொன்னது. அதை முன்னின்று நடத்தியது நம்ம சென்னை நிறுவனம்தான். முன்பக்க எச்சரிக்கை விஷயமோ இழுத்துக்கொண்டே வந்தது. 2022-ல் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு விதி வந்தது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. சர்க்கரை மூட்டைக்கும் அரை நட்சத்திரம் உண்டு! ஓட்டலுக்குப் போடுவது போல இதற்கும் நட்சத்திரமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மூன்று மாதக் கெடு வைத்தது. அந்தக் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. சிலி நாட்டிலே 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தி, 'சர்க்கரை அதிகம்' என்று முகத்தில் அறைந்தாற்போல் எழுதிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பாஷை. விதிப்படி விவரத்தை இங்கிலீஷில் அல்லது இந்தியில் போட்டால் போதும். தமிழ் கட்டாயம் இல்லை. திருவொற்றியூர் பஸ்ஸில் பேத்திக்கு பிஸ்கட் வாங்கிப் போகும் பாட்டி எதைப் படிப்பார்? கூடுதலாகத் தமிழில் போடக்கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லை. தமிழ் டி.வி.யில் தமிழில் பாடிப் பாடி விற்கிற கம்பெனிகள், பாக்கெட் முன்னால் அந்தப் பழத்துக்குப் பக்கத்தில் 'சர்க்கரை 48 கிராம்' என்று ஒரு வரி தமிழில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?