நீல பெயிண்டும் இருபது நிமிஷமும்

1960, மார்ச் 9. பாரிஸில் ஓர் ஆர்ட் காலரி. அழைப்பிதழ் வாங்கி வந்த நூறு பேர் கல்யாண ரிசப்ஷன் உடுப்பில் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாக வாத்தியக்காரர்கள். ஈவ் க்ளைன் என்ற 31 வயது ஓவியர் கறுப்பு கோட், போ டையுடன் வந்து கையசைக்கிறார். வாத்தியங்கள் ஒரே ஒலியைப் பிடித்துக்கொள்கின்றன. ஏறாது, இறங்காது. நம் கச்சேரியில் தம்புராவை மட்டும் விட்டுவிட்டு வித்வான் வீட்டுக்குப் போன மாதிரி.

அப்புறம் மூன்று பெண்கள் வருகிறார்கள், பொட்டுத் துணியில்லாமல். (நிமிர்ந்து உட்காராதீர்கள், மேலே படியுங்கள்.) நீல பெயிண்டை உடம்பில் பூசிக்கொண்டு வெள்ளைக் காகிதத்தில் தங்களைப் பதிக்கிறார்கள். க்ளைன் 'இப்படி, அப்படி' என்று சொல்வதோடு சரி. அவர் கையில் ஒரு சொட்டுப் படவில்லை. அந்தப் பெண்களுக்கு 'உயிருள்ள பிரஷ்கள்' என்று பெயர் வேறு வைத்தார். வேலை செய்தது மூன்று பேர், ஓவியம் ஒருத்தர் பெயரில். நம்ம ஆபீஸில் இவரை மேனேஜர் என்போம்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. சொல்லாமல் விடுவது அடுத்ததை. அந்த ஒலி 20 நிமிஷம். அது நின்றதும் இன்னொரு 20 நிமிஷம் மௌனம். இடைவேளை இல்லை சார், அதுவும் சிம்ஃபொனியில் பாதி! வாத்தியக்காரர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிஷ மௌனம் என்றாலே நாற்பதாவது விநாடியில் ஒருத்தர் இருமுவார், ஒருத்தர் வாட்ச் பார்ப்பார்.

ஒரு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் எரிச்சல். அப்புறம் பழகிவிட்டது. ஒலி சட்டென்று நின்றபோது வயிற்றில் ஏதோ செய்தது, மாடிப்படியில் ஒரு படி குறைந்தது போல. மின்விசிறி, தெருநாய், பக்கத்து வீட்டுக் குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பதினோராவது நிமிஷம் ஃபோன்: "சார், பர்சனல் லோன் வேணுமா?"

க்ளைனின் இந்த நிகழ்ச்சியை 'மோண்டோ கானே' என்ற இத்தாலியப் படத்துக்காக மறுபடி நடத்திப் படம் பிடித்தார்கள். தன் கலையை மரியாதையாகக் காட்டப்போகிறார்கள் என்று நம்பி ஒத்துழைத்தார் மனிதர். 1962 மே மாதம் கான் திரைப்பட விழாவில் போய்ப் பார்த்தால், உலகத்துக் கிறுக்குத்தனங்களில் ஒன்றாக இவரையும் சேர்த்துக் கிண்டல் செய்திருந்தார்கள். அவருடைய இசையைத் தூக்கிவிட்டு வேறு பாட்டு.

சிரிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். மேனேஜர் ஜோக் அடித்தவன் நான். ஆனால் அந்த ஒலியையும் மௌனத்தையும் வெட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பெயிண்ட் பூசிய பெண்களும் ஒரு கோட்டுக்காரரும். அதற்கு யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

படம் பார்த்த அன்றைக்கே க்ளைனுக்கு மாரடைப்பு. படம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது. ஜூன் 6-ஆம் தேதி இறந்துபோனார். வயது 34. மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். ஆகஸ்டில் பையன் பிறந்தான்.