குச்சி வைத்த பெண்ணைக் குறை சொல்லாதீர்

தோட்டத்துத் தாய்மார்களே, மாமியார்மார்களே! இம்மாதம் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

18, 19 வயதில் முதல் பிள்ளை பெற்ற நம் பெண்கள் சிலர், அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டி மேல்கையில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொள்கிறார்கள். 4 சென்டிமீட்டர் நீளம். 3 வருடம் காக்கும். தினமும் மாத்திரை விழுங்கும் தொல்லை இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கு இது பெரிய வசதி.

வைத்த பிறகுதான் வீட்டில் சச்சரவு. பத்து நாள் இரத்தம் படுகிறது, நிற்கிறது, மறுபடியும் படுகிறது. "உள்ளே புண்ணாயிடுச்சு, போய் எடுத்துட்டு வா" என்கிறார் மாமியார். ஐந்தில் ஒருத்திக்குத் தீட்டே நின்றுபோகும்; அதற்கும், "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிடுச்சு" என்ற பேச்சு! இரண்டும் தப்பு. குச்சியிலிருந்து ஊறும் மருந்து கருப்பையின் உட்சவ்வை மெலிய வைக்கிறது. மெலிந்த சவ்வு சிலருக்குக் கண்ட நேரத்தில் கசியும். சிலருக்குக் கழிய ஒன்றுமே இருக்காது. அவ்வளவுதான்.

இதைக் குச்சி வைக்கும் முன்பே மிஸ்ஸி விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் வைத்துவிட்டு, அழுதுகொண்டு வருகிறவளைப் "பொறுத்துக்கோ" என்று திருப்பி அனுப்புவதை நான் ஒப்பமாட்டேன். வைத்தியம் இருக்கிறதே! முதலில் கர்ப்பமா, கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை குச்சியின் பலத்தையே குறைத்துவிடும். சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு காரணம் இல்லையென்றால் மெஃபெனாமிக் ஆசிட் அல்லது ஐபுபுரூஃபன் 5 முதல் 7 நாள் கொடுப்பார்கள். உடம்புக்கு ஒத்துவருமானால் கருத்தடை மாத்திரையும் சில வாரம் கொடுப்பதுண்டு. மருந்தை விட்டதும் மறுபடி படலாம், பயம் வேண்டாம். ஆனால் இவற்றைக் கடையில் நாமே வாங்கி விழுங்குவது கூடாது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து.

மணிக்கு ஒரு பேட் நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. பல நாள் பட்டு முகம் வெளுத்திருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12-க்குக் கீழே என்றால் இரத்தச் சோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

வேலைக்குப் போக முடியவில்லையா? டாக்டரிடம் எம்.சி. வாங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2 வருடம் நிரம்பாத தொழிலாளிக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மண்டோரிடம் விவரம் சொல்லிக் கூச வேண்டியதில்லை, தாள் போதும்.

இத்தனைக்கும் பிறகு அவளே "வேண்டாம்" என்றால், எடுத்துவிடலாம். 3 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. எடுத்த சில வாரத்திலேயே கரு தங்கக்கூடும். ஆகவே அன்றைக்கே வேறு முறை ஒன்றைக் கேட்டு வாங்கி வரட்டும்.